இரண்டு பேர் வரலாம் என்ற கடிதம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் நான் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்த கையோடு சேர்ந்தவன். அப்போது மில்லில் ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி நிற்கும், பேனல் என்போம். கதவைத் திறந்தால் உள்ளே வரிசை வரிசையாக ரிலேக்கள், கரண்டு வந்தால் தானாக மூடித் திறக்கிற ஸ்விட்சுகள். ஒன்று ஒட்டும், ஒன்று விடும், டக் டக்கென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். பத்து வருஷத்தில் அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மெஷின் நின்றுவிட்டது என்று கூப்பிடுவார்கள். நான் போய்க் கதவைத் திறந்து, ஸ்விட்சைப் போடச் சொல்லிக் காது கொடுப்பேன். எந்த ரிலே ஒட்டவில்லை என்று டெஸ்டரை வைக்காமலே சொல்லிவிடுவேன். வெளியூரிலிருந்து யாராவது மில் பார்க்க வந்தால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இவர்தான் நம்ம பேனல் டாக்டர்" என்று அறிமுகம் செய்வார். அந்தப் பட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பிடிப்புதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மில்லுக்குப் புது புளோ ரூம் வந்தது. பஞ்சுப் பேலைப் பிரித்து, உதறி, தூசி எடுத்து அடுத்த மெஷினுக்கு அனுப்புகிற இடம் அது. அது நின்றால் பின்னால் இருக்கிற எல்லாமே ஒரு ஷிப்டுக்குள் பஞ்சில்லாமல் நின்றுவிடும். அதைப் பொருத்த வந்த என்ஜினியர் மூன்று வாரம் தங்கியிருந்தார். பழைய அலமாரி அளவுக்கே ஓர் அலமாரி வைத்தார். ஆனால் கதவைத் திறந்தால் உள்ளே ரிலேக் கூட்டத்தைக் காணவில்லை. டிபன் பாக்ஸ் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் முகத்தில் பச்சையும் சிவப்புமாகப் பொடிப்பொடி விளக்குகள். பி.எல்.சி. என்றார். நாற்பது ரிலே செய்கிற வேலையை இந்தப் பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கிற புரோகிராம் செய்துவிடும் என்றார். நான் தலையாட்டினேன். அந்த மூன்று வாரமும் அவர் பின்னால் டெஸ்டரும் கையுமாக நின்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் ஊருக்குப் போன மறுநாள் மேனேஜர் புளோ ரூமுக்கு வந்தார்.

"என்னய்யா, எல்லாம் புரிஞ்சுக்கிட்டியா? இனிமே ஒவ்வொண்ணுக்கும் அவங்களக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியாது."

"தெரியும் சார். நம்ம ரிலே மாதிரியேதான் சார். சின்னதா ஆக்கி உள்ள வச்சிருக்கான், அம்புட்டுத்தான்."

"அப்ப ஒன்ன நம்பித்தான் இருக்கேன்."

"இருங்க சார்."

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் ஒன்றும் கோபப்பட்டிருக்க மாட்டார். ஊரில் யாருக்குமே தெரியாத ஒன்று எனக்குத் தெரியாமல் இருந்ததில் குற்றமும் இல்லை. ஆனால் பேனல் டாக்டர் தெரியாது என்று சொல்வதா?

என்ஜினியர் இரண்டு தடித்த இங்கிலீஷ் புத்தகங்களை விட்டுப்போயிருந்தார். வீட்டுக்கு எடுத்துப் போய் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மோட்டார் பிளேட்டில் இருக்கிற நாலு வார்த்தையைப் படிக்கிற இங்கிலீஷ்தான் என்னுடையது. முதல் பக்கத்தைத் தாண்டவே நாலு நாள் ஆனது. தாண்டிய பிறகும் அதில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எங்கேயாவது இதைச் சொல்லிக்கொடுப்பார்கள், யாருக்கும் தெரியாமல் போய்ப் படித்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், எல்லாவிதமான புரோகிராமிங்கும் கற்றுத் தரப்படும் என்று போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன். எடுத்த பெண் கடகடவென்று இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நான் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். "ஹலோ, ஹலோ" என்றாள். வைத்துவிட்டேன். பூத்துக்காரர் என்னைப் பார்த்தார். "லைன் கெடைக்கல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன். ஒரு நகைக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. உள்ளே ஏ.சி. போட்டிருந்தார்கள், செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். மேஜையில் இருந்தவர் தமிழில்தான் பேசினார்.

"பி.எல்.சி.யா? அது எந்தக் கம்பெனி சார்?"

"கம்பெனி இல்லீங்க. மெஷின்ல இருக்கும். அதுக்குப் புரோகிராம் எழுதுறது."

"எங்ககிட்ட பேசிக், கோபோல்னு கம்ப்யூட்டர் லாங்வேஜ் இருக்கு. டைப்பிங் தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? அப்ப மொதல்ல அதக் கத்துக்கிடுங்க."

பக்கத்து பெஞ்சில் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, என்னைக் கவனிக்கவே இல்லை. இருந்தாலும் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

பிறகு ஒரு பாலிடெக்னிக் வாத்தியாரைத் தேடிப் போனேன். எலெக்ட்ரிக்கல் நடத்துபவர், நல்ல மனுஷர். உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, பாடத்திட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதில் கடைசியில் நாலே வரி இருந்தது. "இம்புட்டுத்தான் எங்களுக்கு. நானே இன்னும் கண்ணால பாத்ததில்ல" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. உடனே ஆவலாகக் கேட்டார். "உங்க மில்லுல இருக்கா? நம்ம பசங்களக் கூட்டிக்கிட்டு வந்து காட்டலாமா? நீங்கதான் விளக்கிச் சொல்லணும்."

"தாராளமா வாங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து அவர் தேதி கேட்டுக் கார்டு போட்டார். மேனேஜர் வெளியாட்களை உள்ளே விட மறுக்கிறார் என்று பதில் எழுதினேன். மேனேஜரிடம் நான் கேட்கவே இல்லை.

கடைசியில் அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனிக்கே எழுதிக் கேட்பது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இங்கிலீஷில் எழுத வேண்டும். அதற்காகத்தான் ஆபீஸ் டைப்பிஸ்டிடம் போனேன்.

அவள் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். வீட்டில் மானாவாரி நிலம், மிளகாயும் கம்பும் போடுகிற குடும்பம். அருப்புக்கோட்டையில் பி.எஸ்.சி. பிசிக்ஸ் படித்தவள். வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று வந்து மூன்று வருஷமாக டைப் அடித்துக்கொண்டிருந்தாள். காலை பஸ்ஸில் வந்து சாயந்திர பஸ்ஸில் போவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் பேப்பரை மாட்டினாள். நாலு வரி அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எந்த மாடலுன்னு போடணும்ணே. பொஸ்தகத்துல இருக்கும்ல?"

மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். அவள் மாடல் நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு புத்தகத்தை மூடாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"இது லாஜிக்தானண்ணே. காலேஜுல படிச்சிருக்கோம். இந்த ஏணி மாதிரி போட்ருக்கே, இது என்ன?"

அதுதான் எனக்குத் தெரிந்த ஒன்று. இரண்டு பக்கமும் கரண்டு லைன், நடுவில் படிக்குப் படி கரண்டை விடுகிற, தடுக்கிற காண்டாக்டும், அதனால் வேலை செய்கிற காயிலும் என்று விளக்கினேன். பக்கத்தில் இருந்த இங்கிலீஷை அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளை முடிந்ததே தெரியவில்லை.

அதிலிருந்து தினமும் மத்தியானம் அரை மணி நேரம். அக்கவுண்டன்டும் அதே ரூமில் சாப்பிடுவார், கதவு திறந்தே இருக்கும். யாரும் தப்பாகப் பேச இடமில்லை. அவள் வாசிப்பாள், நான் மெஷினில் அது எதுவென்று சொல்வேன். வீணாய்ப்போன டைப் தாள்களின் பின்பக்கத்தில் ஏணிப் படம் போட்டுப் பழகினாள். இரண்டு மாதத்தில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அவள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் ஸ்டாப் பட்டன் படத்தில் நான் குழம்பினேன். எங்கள் ரிலே பேனலில் அது எப்போதும் மூடிய காண்டாக்டாக வரும். புத்தகத்தில் திறந்த காண்டாக்டாகப் போட்டிருந்தது. "அச்சுப்பிழை" என்றேன்.

"இல்லண்ணே. பட்டன் வெளிய மூடியே இருக்குல்ல, அப்ப பெட்டிக்குள்ள அந்த சிக்னல் எப்பவும் வந்துக்கிட்டே இருக்கும். வந்தா ஓடு, வரலேன்னா நில்லு. அதுக்கு இந்தக் காண்டாக்டுதான் சரி."

சரிதான். பதினைந்து வருஷம் பட்டன் மாட்டியவன் நான். மெஷினைக் கண்ணால்கூடப் பார்க்காதவள் அவள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். புத்தகத்தின் கடைசிப் பகுதியில் பராமரிப்பு பற்றி இருந்ததை அவள் வாசிக்கப் போனபோது, "அதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்? அத விடு" என்று தடுத்தேன். அவள் தானாகவே அதையும் படித்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது புத்தகத்தின் கடைசியில் எண்ணும் எழுத்துமாகப் பல பக்கங்கள் இருந்தன. எங்கள் மெஷினின் புரோகிராம் அது. அதையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த மோட்டார், எந்த ஃபேன் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் குறித்துவைத்தாள்.

கம்பெனிக்கு நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கு ஒருவழியாகப் பதில் வந்தது. தபாலைப் பிரிப்பது அவள் வேலை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். முகம் மலர்ந்திருந்தது.

"மெட்ராஸ்ல அஞ்சு நாள் டிரெயினிங் நடத்துறாகளாம்ணே. மெஷின் வாங்குன மில்லுல இருந்து ரெண்டு பேர் வரலாமாம். மில்லே ஆள் பேரக் குடுத்து லெட்டர் போடணுமாம்." கடிதத்தை என் பக்கம் திருப்பினாள். "ரெண்டு பேருன்னு போட்ருக்கு. நானும் வரட்டுமாண்ணே? மெட்ராஸ்ல எங்க சித்தி வீடு இருக்கு, தங்கிக்கிருவேன். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாக. மேனேஜர்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"சொல்றேம்மா. கண்டிப்பா சொல்றேன்" என்றேன்.

கடிதம் மேனேஜர் மேஜைக்குப் போனது, அவர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய ரூமுக்கும் டைப்பிஸ்ட் ரூமுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் அவள் டைப் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்னியே, எதுக்கு டிரெயினிங்?"

"இன்னும் மேல கத்துக்கிட்டா நல்லது சார். சர்டிபிகேட்டு வேற குடுப்பாக."

"நல்லதுதான், போயிட்டு வா. ரெண்டு பேருன்னு போட்டிருக்கானே, இன்னொரு ஆள் யாரு?" அவரே யோசித்தார். "நம்ம டைப்பிஸ்ட் பொண்ணு உங்கூட உக்காந்து அந்தப் புஸ்தகத்தப் படிக்குதாமே, அக்கவுண்டன்ட் சொன்னாரு. பி.எஸ்.சி. வேற. வீட்டுல விட்டா அதையும் அனுப்புவோமா?"

நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. அவரே கேட்டுவிட்டார். சரி சார் என்றால் முடிந்தது. ஆனால் எனக்கு அந்த மெட்ராஸ் வகுப்பு கண் முன்னால் வந்தது. அவள் பக்கத்தில் இருந்தால் முதல் மணி நேரத்திலேயே யார் தெரிந்த ஆள், யார் தெரியாத ஆள் என்று வெளிப்பட்டுவிடும். திரும்பி வந்த பிறகு புளோ ரூமில் கோளாறு என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்?

"அதுக்கு என்ன சார் தெரியும்" என்றேன். "இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேப்பேன், சொல்லும். மெஷினுன்னா பயந்துக்கிரும். அதுவும் பொம்பளப்புள்ளய அஞ்சு நாளு மெட்ராசுக்கு அனுப்புனா நாளைக்கு நாலு பேச்சு வரும் சார். நமக்கெதுக்கு?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் டைப்ரைட்டர் சத்தம் நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. மேனேஜர், "அதுவும் சரிதான்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்தார். பிறகு சத்தம் மறுபடி கேட்டது, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக.

என் பெயரை மட்டும் போட்டு மில் அனுப்பிய கடிதத்தையும் அவள்தான் டைப் அடித்தாள். கையெழுத்துக்கு அனுப்பும் முன் என்னிடம் நீட்டி, "பேரு ஸ்பெல்லிங் சரியா இருக்கான்னு பாத்துக்கங்கண்ணே" என்றாள். நான் பார்க்கிற மாதிரி பார்த்தேன். எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. சரி என்று திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மத்தியானப் படிப்பு இல்லை. நானும் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை. எதிரில் பார்த்தால் எப்போதும்போல, "சாப்டீகளாண்ணே" என்று கேட்பாள்.

மெட்ராஸ் வகுப்பில் பதினாலு பேர். ஆந்திரா, கேரளாவிலிருந்தெல்லாம் என்ஜினியர்கள் வந்திருந்தார்கள். நடத்தியவர் தமிழ்க்காரர்தான், ஆனால் எல்லோருக்கும் பொதுவாக இங்கிலீஷில் நடத்தினார். இடைவேளையில் என்னிடம் வந்து, "உங்களுக்கு ஃபாலோ பண்ண முடியுதா சார்?" என்று தமிழில் கேட்டார். முடியவில்லை, கொஞ்சம் தமிழில் சொல்லுங்கள் என்றிருந்தால் ஒதுங்கி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார். அவர் முகத்திலேயே அது தெரிந்தது. "நல்லாப் புரியுது சார், ஏற்கெனவே ஓட்டுற மெஷினுதான்" என்றேன். மூன்றாம் நாள் ஒவ்வொருவராக முன்னால் வந்து ஒரு சின்னப் புரோகிராமை ஏற்றச் சொன்னார்கள். கால்குலேட்டர் மாதிரி ஒரு பெட்டி, அதில் வரி வரியாகத் தட்ட வேண்டும். என் முறை வரப்போகிறது என்றதும் வயிறு சரியில்லை என்று எழுந்து வெளியே போய்விட்டேன். கக்கூசில் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் நின்றேன். நாலாம் நாள் அவர்கள் ஏதோ ஒரு பேட்டரியைக் கழற்றிக் காட்டிப் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். ஐந்தாம் நாள் சர்டிபிகேட் கொடுத்தார்கள். மேனேஜர் அதைச் சட்டம் போட்டு எலெக்ட்ரிக்கல் ரூமில் மாட்டச் சொன்னார்.

அடுத்த வருஷம் கோடையில் அந்தப் பெட்டியில் புதிதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் நன்றாகத்தான் ஓடியது. ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் எரிந்தது. அப்புறம் ஒருநாள் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியத்தார் காலையிலிருந்து கரண்டை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கரண்டு வந்தது. எல்லா மெஷினும் கிளம்பின. புளோ ரூம் மட்டும் அசையவில்லை. பெட்டியில் வேறொரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

ஃபியூஸைப் பார்த்தேன். ஒயரை எல்லாம் இழுத்துப் பார்த்தேன். காது கொடுத்தால் கேட்பதற்குச் சத்தமே இல்லை. மேனேஜர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "செக் பண்ணிக்கிட்டிருக்கேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். கம்பெனிக்குப் போன் போட்டதில் நாலு நாள் ஆகும் என்றார்கள். சர்டிபிகேட் மாட்டியிருந்த சுவருக்கு எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து ஆபீசுக்குப் போனேன்.

அவள் டைப் அடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் சொல்லி முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி பேட்டரி லைட்டு எரிஞ்சதாண்ணே?"

"ஏதோ ஒண்ணு எரிஞ்சுச்சும்மா. ஒரு மாசமா."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பேட்டரி தீர்ந்துபோய், கரண்டும் போனதால் புரோகிராம் முழுக்க அழிந்துவிட்டது என்று நிதானமாகச் சொன்னாள். "பேட்டரி ஸ்டோர்ல ஒண்ணு இருக்குண்ணே. மெஷினோட வந்த சாமான் லிஸ்ட நாந்தான் அடிச்சேன். அந்தக் கையில வச்சுத் தட்டுற பெட்டியும் அங்கதான் இருக்கும். எடுத்துக்கிட்டு வாங்க. நான் நோட்ட எடுத்துட்டு வாரேன்."

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகப் புளோ ரூமுக்குள் வந்தாள். தலையெல்லாம் பஞ்சு படிந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அலமாரியை ஒருதடவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கீழே ஒரு பஞ்சு மூட்டையில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். அவள் வாசிக்க நான் தட்டினேன். என் விரல் தடித்த விரல், ஒரு பட்டனை அமுக்கினால் இரண்டு விழுந்தது. பத்து வரிக்குள் மூன்று தடவை தப்பு.

"குடுங்கண்ணே, நான் தட்டுறேன். நீங்க வாசிங்க."

டைப் அடித்துப் பழகிய கை. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவள் நோட்டைப் பார்க்காமலே அடுத்த வரி என்ன வரும் என்று பாதி நேரம் சொன்னாள். ஐந்தரை மணி சுமாருக்கு முடிந்தது. ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன்கள் ஓடின, பஞ்சு இழுக்கிற உருளை மட்டும் சுற்றவில்லை. "அது எதுக்கப்புறம் ஓடணும்ணே?" என்றாள். கடைசி ஃபேன் வேகம் பிடித்துப் பத்து வினாடி கழித்து என்றேன். அவள் நோட்டில் விரல் வைத்து இறங்கி வந்து, ஒரு டைமரின் எண்ணில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தாள். திருத்தியதும் உருளை சுற்றியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். என் தோளைத் தட்டினார்.

"ஒன்ன மெட்ராஸ் அனுப்புனது வீண் போகலய்யா!"

அவள் இரண்டு அடி தள்ளி நின்றாள். கையில் நோட்டு.

"ஆமா சார்" என்றேன்.

மேனேஜர் அப்போதுதான் அவளைக் கவனித்தார். "நீ என்னம்மா இங்க? பஸ்ஸுக்குப் போகலையா?"

"நோட்டு ஒண்ணு வாங்க வந்தேன் சார். கெளம்பிட்டேன்" என்றாள். என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் பொய் சொன்னாளா, இல்லை எனக்காக ஒரு வார்த்தை பேசுவதுகூட வீண் என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. இரண்டாவதாகத்தான் இருக்கும்.

அந்த வருஷ முடிவில் அவள் வேலையை விட்டாள். பி.எட். படிக்கப் போவதாகச் சொன்னார்கள். கடைசி நாளில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக்கல் ரூமுக்கும் வந்தாள். அந்த நோட்டை மேஜையில் வைத்தாள். "இது இங்க கெடக்கட்டும்ணே, தேவப்படும்." அவ்வளவுதான். அவள் போன பிறகு அக்கவுண்டன்ட் ஒரு செய்தி சொன்னார். அந்த மெட்ராஸ் கம்பெனிக்கு அவளே சொந்தமாக ஒரு கடிதம் எழுதி, தன் செலவில் வந்து படிக்கலாமா என்று கேட்டாளாம். மில் பெயர் கொடுத்தால்தான் இடம் என்று பதில் வந்ததாம்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் மில்லை விஸ்தரித்தார்கள். புது மெஷின்களுக்கு வேறொரு கம்பெனிப் பெட்டி. இந்தத் தடவை கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத வேண்டும். அந்தக் கம்பெனியும் டிரெயினிங் வைத்தது. மில் சொல்லும் எந்த இரண்டு பேரும் வரலாம் என்றது. மேனேஜர் ஃபாரத்தை என்னிடமே கொடுத்து, "ஆளப் பாத்துப் போடு" என்றார். நான் அதை எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போனேன். அவள் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருந்தாள். மத்தியான இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வந்தாள். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி முதலில் குடிக்க வைத்தாள். நான் ஃபாரத்தை நீட்டினேன். மில்லில் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேனேஜரிடம் பேசுகிறேன், எலெக்ட்ரிக்கலிலேயே வேலை, டைப் அடிக்க வேண்டியதில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் முழுதாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தையும் திருப்பி வாசித்தாள்.

"நல்லா இருக்குண்ணே" என்றாள். "எனக்கு இப்ப வேணாம். அப்ப வேணும்னு இருந்துச்சு."

"அன்னைக்கு மேனேஜர் ரூம்ல நான் சொன்னது..."

"கேட்டுச்சுண்ணே."

பெல் அடித்தது. "பஸ்ஸு ரெண்டே காலுக்கு இருக்கு, அத விட்டா நாலரைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். மன்னித்துவிடு என்கிற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. போகும்போது பஸ்ஸில் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

மறுநாள் மேனேஜர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் புளோ ரூமை அன்றைக்கு ஓட்டியது யார், பேட்டரி விளக்கை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தது யார், மெட்ராஸில் நான் கற்றது என்ன, எல்லாம். அவர் ஏதோ பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். நான் நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அத எதுக்குய்யா இப்ப சொல்ற? மெஷின் ஓடுதுல்ல? போ, ஃபாரத்தப் பூர்த்தி பண்ணிக் குடு. இன்னைக்குத் தபால்ல போகணும்."

வெளியே வந்தேன். வேலையிலிருந்து நிறுத்துவார் என்றுகூட நினைத்திருந்தேன். நிறுத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திருச்சுழி பஸ்ஸைப் பிடித்துப் போய், மேனேஜரிடம் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல ஒரு தவிப்பு இருந்தது. அதைக் கேட்டு அவளுக்கு என்ன ஆகப்போகிறது, அதுவும் என் நிம்மதிக்காகத்தானே என்று பட்டது. போகவில்லை.